பால் கொண்டுபோனவர்

சோரியாங்குப்பத்தில் எங்கள் தெரு கண் விழிப்பது மரியதாஸின் எக்ஸெல் வண்டி கிளம்பும் சத்தத்தில்தான். மழை கொட்டிப் பெண்ணையாற்றில் தண்ணீர் ஏறிக் கிடக்கும் நாளிலும் அது தவறாது. மடி கட்டிய மாடு மழையா வெயிலான்னு பார்த்தா கத்தும்? என்பார் அவர். கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தவர். முதுகு போன பிறகு கறவைக்கு வந்தார். பச்சையப்பன் வீட்டு மாடுகளையும் இன்னும் சில வீட்டு மாடுகளையும் கறந்து, பால் சொசைட்டிக்கு ஊற்றியது போக மீதியைப் பாகூர் டீக்கடைகளுக்குக் கொண்டுபோவார்.

மரியதாஸ் பாலைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றினால் பாகூர் ஏரி தெரியும் என்று டீக்கடை சுப்புராயன் கேலி செய்வார்.

"ஏரித் தண்ணி இல்ல நைனா, கேன் தண்ணி" என்று மரியதாஸும் சிரித்துக்கொண்டே அளந்து ஊற்றுவார்.

சொசைட்டிப் பாலில் அவர் கை வைத்ததில்லை. அங்கே கருவி போட்டுப் பார்ப்பார்கள். கடைப் பாலில் மட்டும் ஒரு செம்பு. அது ஊருக்கே தெரிந்ததுதான். கடைக்காரர் தன் பங்குக்கு இன்னொரு செம்பு ஊற்றத்தான் போகிறார் என்பதும் தெரிந்ததுதான். இதில் யாரும் யாரையும் கோபித்துக்கொண்டதில்லை.

அந்த ஐப்பசியில் வண்டியில் கேன்களோடு ஒரு சாப்பாட்டுப் பையும் ஏறியது. பைக்குள் ஐஸ் கட்டி போட்ட பிளாஸ்டிக் டப்பா. டப்பாவுக்குள் ஆஸ்பத்திரியில் கொடுத்த சின்ன பாட்டில். பாட்டிலில் இருந்தது அவருடைய மருமகள் சுகன்யாவின் பால்.

சுகன்யாவுக்கு அம்மா இல்லை. அதனால் தலைப்பிரசவமும் மாமியார் வீட்டில்தான் என்று பேசி வைத்திருந்தார்கள். எட்டாம் மாதம் தொடங்கியதுமே ஒருநாள் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தபோது பனிக்குடம் உடைந்துவிட்டது. பாண்டியில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். ஆண் குழந்தை. மரியதாஸின் ஒரு கைக்குள் அடங்கிவிடும் அளவுதான் இருந்தான். கண்ணாடிப் பெட்டியில் வைத்து, மூக்கு வழியாகச் சின்னக் குழாய் விட்டுப் பால் கொடுத்தார்கள்.

"தாய்ப்பால்தான் இவனுக்கு மருந்து. வரலன்னு விட்டுடாத. எடுக்க எடுக்கத்தான் ஊறும்" என்று புவனேஸ்வரி சிஸ்டர், மார்பை எப்படிப் பிடித்து அழுத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்.

குழந்தை பெட்டியில் இருக்கும்வரை தாய்மார்கள் தங்குவதற்கு ஒரு கூடம் இருந்தது. சுவர் ஓரமாக வரிசையாக உட்கார்ந்து பால் எடுப்பார்கள். சுகன்யாவுக்குப் பக்கத்தில் வில்லியனூர் மஞ்சுளா. அவள் பேசிக்கொண்டே ஒரு பாட்டிலை நிரப்பி மூடிவிட்டு அடுத்ததை எடுப்பாள். சுகன்யா எவ்வளவு அழுத்தினாலும் பாட்டிலின் அடி மட்டும் நனையும்.

"உனுக்கு இவ்ளோதான் வருதா? எனக்குப் பாரு, நைட்டியெல்லாம் நனஞ்சி போவுது" என்றாள் மஞ்சுளா ஒருநாள். அவள் குத்திச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு சுகன்யா பாட்டிலைத் துண்டுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அதற்கு அடுத்த நாள், தையல் வலிக்கிறது, தரையில் படுக்க முடியவில்லை, வீட்டுக்குப் போய்விடலாம் என்று மாமியார் அமிர்தத்திடம் சொன்னாள்.

அமிர்தத்துக்கும் அதுவே சரி என்று பட்டது. சிஸ்டர் மட்டும் ஒப்பவில்லை.

"கொழந்த இங்க இருக்கு. இவளும் இங்கயே இருந்தா நல்லது."

"பச்ச ஒடம்பு சிஸ்டர். குளுரு தரையில படுத்து ஜன்னி கண்டுதுன்னா நான் யாருகிட்ட போயி நிப்பன்? வூட்ல வெச்சி பத்தியம் போட்டா பாலு தன்னால எறங்கும்."

"அப்ப தெனமும் பால் இங்க வந்தாவணும்."

"வந்துடும். எங்க வூட்டுக்காரரு பாலு கொண்டுபோற ஆளுதான்" என்றாள் அமிர்தம்.

மகன் கலைவேந்தன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். பிரசவத்துக்கு எடுத்த லீவு முடிந்து போய்விட்டான். அதனால் மாமனார்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்த வீட்டில் மாமனார் உள்ளே வந்தால் மருமகள் எழுந்து சமையல் பக்கம் போய்விடுவாள். இரண்டு பேரும் நேராக நின்று பேசியது கிடையாது. இப்போது தினமும் விடியற்காலையில் அவர் வாசலில் நின்று இருமுவார். அமிர்தம் பிரிட்ஜிலிருந்து பாட்டிலை எடுத்து, டப்பாவில் வைத்து, பையைக் கட்டைச் சுவரின் மேல் வைப்பாள். அவள் உள்ளே போன பிறகுதான் அவர் பையை எடுப்பார். என்ன கனம், எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கமாட்டார். ஆனால் வருஷக்கணக்காகப் பால் தூக்கிய கை. பார்க்காமலே தெரிந்துவிடும்.

வீட்டில் பத்தியம் நடந்தது. காலையில் வெந்தயக் கஞ்சி. மதியம் காரப்பொடி மீன் குழம்போ பால்சுறாப் புட்டோ, கூட முருங்கைக்கீரை. ராத்திரிக்குச் சுட்ட பூண்டும் சோறும். வீராம்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவரும் கலியம்மாள் வாடிக்கையாக அந்த வீட்டு வாசலில்தான் முதலில் கூடையை இறக்குவாள். ஆனால் பேச்சைத் தெருமுனையிலேயே ஆரம்பித்துவிடுவாள்.

"இன்னா அமிர்தம், மருமவளுக்குப் பாலு எறங்கிச்சா?"

"மெல்ல பேசேன் நீ. எறங்கும், எறங்கும்."

"நேத்து குடுத்தது நல்ல பால்சுறா. பூண்டு நெறைய தட்டிப் போட்டியா?"

"போட்டன். பூண்டு உரிச்சி உரிச்சி நகக்கண்ணெல்லாம் எரியுது."

"அவ துன்னாளா, இல்ல நீயே துன்னுட்டியா?"

"ஆமா. எனக்குச் சொரந்து நான் எந்தப் புள்ளைக்குக் குடுக்கப்போறன்?"

"மரியதாசு கேனுல ஊத்திக்கினு போவட்டும். ஒரு கேன் சேத்து ரொம்பும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எதிர் வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டுக் கலியம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டே சொன்னாள்:

"எம் பெரிய மருமவளுக்குச் சுறா துன்ன மூணாம் நாளு தலகாணியெல்லாம் ஈரம். எங்க ஊருல வந்து கேளு. இவ ஒடம்புலதான் இன்னாமோ கோளாறு இருக்குது."

உள்ளே புடவையைக் கயிற்றில் போட்டு மறைத்த மூலையில் சுகன்யா கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். வந்துகொண்டிருந்த சொட்டும் நின்றுபோனது. கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தாள். அடியில் ஒரு கோடு மாதிரி இருந்தது. அத்தனை மீனும் பூண்டும் எங்கே போகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால், எதையோ திருடித் தின்கிற மாதிரி இருந்தது. தட்டில் இன்னொரு கரண்டி விழும்போது வேண்டாம் என்று சொல்லவும் பயம். அப்புறம் அதனால்தான் பால் இல்லை என்பார்கள்.

"அத்த, தண்ணி குடுங்க."

"வெந்நி அர டம்ளர் குடி. அதுக்கு மேல குடிச்சா ஆப்பரேசன் வயிறு ஊதிக்கும்."

கிண்ணம் கழுவிய தண்ணீரைக்கூட அமிர்தம் கண்ட இடத்தில் ஊற்றவிடமாட்டாள். எறும்பு மொய்த்தால் பால் வற்றிவிடும் என்று வாழைக்கு அடியில் ஊற்றி மேலே மண்ணைத் தள்ளுவாள். எதிலும் குறை வைக்கவில்லை அவள். அதுவும் சுகன்யாவுக்குக் கஷ்டமாக இருந்தது. ஏதாவது குறை வைத்திருந்தால் அதன் மேல் பழியைப் போடலாம்.

ஒருநாள் மதியம் மரியதாஸ் சாப்பிட உட்கார்ந்தபோது மெதுவாக ஆரம்பித்தார்.

"ஏமே, ஒன்னு சொன்னா கோச்சிக்காத."

"சொல்லு."

"கன்ன கண்ணுல காட்டாம எந்த மாடும் மடி வுடாது. பச்சையப்பன் வூட்டுச் செவலைக்குக் கன்னு செத்துப்போச்சே, தோலுல வக்கோல் அடைச்சி எதுருல நிறுத்தனமே, அத்த நக்கனப்பறம்தான..."

"நிறுத்து. மருமவள மாடுன்ற."

"மாடுன்னு சொல்லலமே. அந்தப் பொண்ணு புள்ளகிட்ட இருந்தா..."

"மாமனாரு பேசற பேச்சா இது? பொம்பள மடியப் பத்தி உனுக்கு இன்னா பேச்சி? அவ காதுல வுழுந்தா நாண்டுக்கினு நிப்பா. துன்னுட்டு எழுந்துரு."

மரியதாஸ் தலையைக் குனிந்துகொண்டார். சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார், சாப்பிடவில்லை. புடவை மறைப்புக்கு அந்தப் பக்கம் சுகன்யாவின் காதில் எல்லாம் விழுந்தது. அவர் சொன்னது சரி என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஆனால் எழுந்து வந்து, மாமா சொல்றது சரிதான், என்னைப் புள்ளகிட்டக் கொண்டுபோய் விடுங்க என்று எந்த வாயால் சொல்வது? வீட்டுக்குப் போகலாம் என்று கேட்டவளே அவள்தான்.

ஆஸ்பத்திரியில் பாட்டில் வாங்கும் ஜன்னலில் காலையில் ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். அப்பாக்கள், அண்ணன்கள், மாமியார்கள். புவனேஸ்வரி சிஸ்டர் ஒவ்வொரு பாட்டிலாக வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துப் பெயர் ஒட்டி உள்ளே வைப்பார். மரியதாஸ் பையிலிருந்து பாட்டிலை எடுக்கும்போது உள்ளங்கையால் மூடியே எடுப்பார். ஆனால் சிஸ்டர் வெளிச்சத்தில் தூக்கும்போது அது எல்லோருக்கும் தெரியும்.

"பெரியவரே, இது இன்னா போலியோ சொட்டா?" என்றான் பின்னால் நின்ற ஒருவன். அவன் கையில் இரண்டு பாட்டில் நிறைய இருந்தது.

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். மரியதாஸும் சிரித்தார். பால் விஷயத்தில் கேலி கேட்டுப் பழகியவர். ஆனால் இது அவருடைய பால் இல்லை.

"பரவால்ல தாத்தா. இருக்கறத குடுங்க" என்றார் சிஸ்டர்.

அந்தப் 'பரவால்ல'தான் வழியெல்லாம் அவர் கூட வந்தது. கன்னியக்கோயில் தாண்டி மழை பிடித்துக்கொண்டபோதும் ஒதுங்காமல் நனைந்துகொண்டே வந்தார். அந்தப் பெண் உடம்பைப் பிழிந்து கொடுக்கிறாள். அதை நாலு ஆம்பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கிறார்கள். அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் காட்டுகிறவன் நான்.

மறுநாள் சுப்புராயன் கடையில் பால் அளந்து முடித்த பிறகு அவர் கிளம்பவில்லை.

"காய்ச்சின தண்ணி கொஞ்சம் ஆறவெச்சிக் குடு நைனா."

"இன்னா தாசு அதிசயமா இருக்குது? இப்பல்லாம் காய்ச்சித்தான் ஊத்தறியா?"

"மாத்திர போடணும்."

"போடு, போடு. எங்களுக்கு ஊத்தறதயும் அப்பிடியே காய்ச்சி ஊத்து, புண்ணியமாப் போவும்."

தண்ணீரைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு போய் ஏரிக்கரை மேல் வண்டியை நிறுத்தினார். டப்பாவைத் திறந்து பாட்டிலை எடுத்தார். கலைவேந்தன் கைக்குழந்தையாக இருந்தபோது அமிர்தம் களை எடுக்கப் போய்விடுவாள். பாதிப் பால், பாதித் தண்ணீர் கலந்து சங்கில் புகட்டி வளர்த்த பிள்ளைதான் அவன். சின்னப் பிள்ளை வயிற்றுக்குத் தண்ணீர் கலந்தால்தான் செரிக்கும் என்று ஊரெல்லாம் அப்படித்தான் கொடுத்தார்கள். அவனுக்கு என்ன குறைந்துபோனது? இப்படி யோசித்தபடி மூடியைத் திருகினார். கேனில் செம்பைக் கவிழ்க்கும்போது அளவு பார்க்காதவர் அன்றைக்குத் துளித்துளியாக விட்டார். பாட்டில் பாதிக்கு வந்ததும் நிறுத்தினார். முழுசாக நிரப்ப மனம் வரவில்லை.

அன்றைக்கு ஜன்னலில் யாரும் சிரிக்கவில்லை.

மதியத்துக்கு முன்னாலேயே சிஸ்டர் சுகன்யாவுக்குப் போன் செய்தார். குரலில் சந்தோஷம் இருந்தது.

"இன்னிக்கு அரை பாட்டில் வந்திருக்கு சுகன்யா. பாத்தியா, நான் சொல்லல? இப்பிடியே எடு, விடாத."

சுகன்யா கொடுத்தது கால் பாட்டில்தான். அதுவும் முழுக் கால் இல்லை. வேறு யாருடைய பாட்டிலோ மாறியிருக்கும், சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் அமிர்தம் போனை வாங்கிவிட்டாள்.

"ஆமா சிஸ்டர். சுறாதான் குடுக்கறன், தெனம் சுறாதான். பின்ன இன்னா, போவப் போவப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே வாசலுக்குப் போனாள். தெருவுக்கே தெரிந்துவிட்டது. கலியம்மாள் மறுநாள் சுறாவுக்கு மேல் கொசுறாகக் காரப்பொடி அள்ளிப் போட்டாள். "எங்க வீராம்பட்டணத்து மீனா, சும்மாவா?" என்றாள். சிஸ்டர் பேசிய அன்றைக்கே சாயந்திரம் கலைவேந்தன் போனில் கூப்பிட்டான்.

"அம்மா சொல்லிச்சி. பாலு கூடிச்சாமே?"

"ம்."

"நானும் இங்க கூட வேல செய்யறவன்கிட்ட சொன்னன். அவன் பொண்டாட்டிக்கும் இப்பிடித்தான் மொதல்ல இல்லியாம். நீ கவலப்படாம சாப்புடு."

"ம்."

மரியதாஸ் அன்று வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் வராமல் நேராகக் கொல்லைக்குப் போனார். சுகன்யா மறைப்பின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். பாட்டில் வைக்கும் டப்பாவைக் கழுவினார். கழுவியதையே மறுபடியும் கழுவினார். அப்போது அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த வீட்டில் பால் எப்படிக் கூடும் என்பது புரியாமல் இருக்க அவள் ஒன்றும் புதுசு இல்லை.

சொல்லியிருக்கலாம். அன்றைக்கே சிஸ்டருக்குப் போன் செய்து சொல்லியிருக்கலாம். ஆனால் குழந்தை பெற்ற நாளிலிருந்து அன்றுதான் அவளை ஒருவர் பாராட்டியிருந்தார். அமிர்தம் அன்று தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டாள். சோறு தொண்டையில் இறங்கியது. தெருவில் இருந்து வருகிற சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கவில்லை. அதைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. நாளைக்கு நிஜமாகவே கூடிவிடும், அப்போது இது பொய்யாக இருக்காது என்று நினைத்துக்கொண்டாள். மறுநாளும் கால் பாட்டில்தான் வந்தது. மறுநாளும் அரை பாட்டில்தான் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வாரம் ஒரு காலை. மரியதாஸ் அப்போதுதான் பாண்டியிலிருந்து திரும்பி வண்டிக்கு ஸ்டாண்ட் போட்டுக்கொண்டிருந்தார். போன் வந்தது.

"உடனே கெளம்பி வா சுகன்யா. கொழந்த வயிறு ஊதியிருக்கு. பால நிறுத்தியிருக்கோம். டாக்டர் உன்ன பாக்கணும்ன்றாரு."

தெருமுனை சேவியரின் ஆட்டோவில் போனார்கள். பின்னால் மாமியாரும் மருமகளும். முன்னால் சேவியர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டு மரியதாஸ். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் சுகன்யா அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அமிர்தம் வழியெல்லாம் ஆரோக்கிய மாதாவுக்கு வேண்டிக்கொண்டே வந்தாள். மரியதாஸ் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய பின்கழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போனாள் சுகன்யா.

கூடத்துக்குள் நுழைந்ததும் புவனேஸ்வரி சிஸ்டர் ஒரு பாட்டிலோடு வந்தார். அதைச் சாய்த்தார். பால் கண்ணாடியில் ஒட்டாமல் ஓடியது.

"இதுல இன்னா கலந்த?"

சுவரோரம் உட்கார்ந்திருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மஞ்சுளாவும் பார்த்தாள்.

"இன்னா சிஸ்டர் இப்பிடிக் கேக்கற?" என்று அமிர்தம் முன்னால் வந்தாள். "எங்க வூட்டுப் பால்ல யாரும்..."

அந்த இடத்தில் அவள் நின்றுவிட்டாள். மெதுவாகத் திரும்பி வாசல் பக்கம் பார்த்தாள். ஆண்கள் உள்ளே வரக்கூடாது என்பதால் மரியதாஸ் கதவுக்கு வெளியே, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார்.

"நான்தான் ஊத்தனன் சிஸ்டர்."

சிஸ்டர் பாட்டிலோடு கதவுப் பக்கம் வந்தார்.

"காய்ச்சி ஆறவெச்ச தண்ணிதான். கெட்ட தண்ணி இல்ல. கம்மியா இருக்குதே, நாலு பேரு பாக்கறாங்களேன்னு..." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்பலேருந்து?"

"போன வெள்ளிக்கெழமயிலேருந்து."

"நீங்க அவமானம் பாத்தீங்க. அவன் உள்ள பசியில கெடந்தான். எடை ஏறலியேன்னு நாங்க எதெதுவோ டெஸ்ட் எடுத்துக்கினு இருக்கறோம்."

சுகன்யா கீழே பார்த்தபடி நின்றிருந்தாள். அப்படியே நின்றிருந்தால் எல்லாம் அவர் தலையிலேயே போயிருக்கும்.

"எனக்குத் தெரியும் சிஸ்டர்" என்றாள். "அரை பாட்டில்னு நீங்க போன் பண்ண அன்னிக்கே தெரியும். கூடிச்சி, கூடிச்சின்னு எல்லாரும் சொன்னாங்க. அதனால சும்மா இருந்துட்டன்."

வாசலில் நின்றிருந்த மரியதாஸ் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

சிஸ்டர் அதற்கு மேல் திட்டவில்லை. உள்ளே போய் 'சுகன்யா பேபி' என்று ஒட்டியிருந்த பாட்டில்களை எல்லாம் எடுத்து வந்தார். எதில் எவ்வளவு தண்ணீர் என்று தெரியாது, எல்லாவற்றையும் கொட்டித்தான் ஆக வேண்டும் என்றார். ஒவ்வொன்றாகத் திறந்து தொட்டியில் ஊற்றினார். உள்ளங்கை நோக, மார்பு கன்றிப்போக எடுத்த பால். வெளுத்த தண்ணீராக ஓடிச் சல்லடையில் இறங்கியது. சுகன்யா கடைசி பாட்டில் வரைக்கும் நின்று பார்த்தாள்.

"ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிக்கற?"

"தாகம் எடுத்தா அர டம்ளர் வெந்நி."

சிஸ்டர் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுத்தார். "குடிக்கவேண்டிய வாயிக்குக் குடுக்கல, பாட்டிலுக்கு ஊத்தியிருக்கீங்க."

யாரோ ஒருத்தி சிரித்தாள். பிறகு அவளும் நிறுத்திக்கொண்டாள். சுகன்யா நின்றபடியே சொம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்து முடித்தாள்.

செய்தி சேவியர் ஆட்டோவிலேயே ஊருக்கு வந்துவிட்டது. பேரன் பாலிலேயே தண்ணீர் ஊற்றிய ஆள் என்று தெருவில் பேசினார்கள். பாவம் என்று சொல்லிவிட்டுத்தான் சிரித்தார்கள், ஆனால் எங்கள் தெருவில் அன்று சிரிக்காதவர்கள் குறைவு. பச்சையப்பன் வீட்டு மாடுகளை வேறு ஆள் வந்து கறந்தான். மரியதாஸ் ஊருக்குத் திரும்பவே இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கீழே, வண்டிகள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த சிமென்ட் மேடையில் உட்கார்ந்திருந்தார்.

"போய் மாட்ட கறய்யா. இங்க குந்திக்கினு இன்னா பண்ணப்போற?" என்று அமிர்தம் சாப்பாட்டுப் பொட்டலத்தை நீட்டினாள்.

"அவன் வயிறு எறங்கட்டும்."

"துன்னு."

"அவனுக்கே பாலு நிறுத்திக்கீறாங்க."

அமிர்தமும் பொட்டலத்தைப் பிரிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவரைத் திட்டத்தான் இறங்கி வந்திருந்தாள். சுறா வேலை செய்கிறது என்று தெருவெல்லாம் தான் சொல்லிக்கொண்டு திரிந்தது நினைவுக்கு வந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து வயிறு வாடியது. மறுபடியும் குழாயில் பால் தொடங்கலாம் என்றார் டாக்டர். ஆனால் கொடுக்க சுகன்யாவிடம் சொட்டுச் சொட்டாகத்தான் இருந்தது. சிஸ்டர் அவளைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, ஜாக்கெட்டைத் தளர்த்தச் சொல்லி, குழந்தையைத் துணியில்லாமல் அவள் மார்பின் மேல் குப்புறப் படுக்கவைத்துச் சுற்றிக் கட்டினார். "தோலோடு தோல் இருக்கட்டும். நாள் முழுக்க இப்பிடியே இரு." குருவி மாதிரி ஒரு சூடு. முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்தில் இருந்த மஞ்சுளா மெதுவாகச் சாய்ந்து சொன்னாள்:

"எனக்கும் மொத வாரம் வரலடி. பாத்ரூமுக்குப் போயி அழுதுட்டு வருவன். யாருகிட்டயும் சொல்லல. நீ வந்தப்ப எனக்கு நல்லா வர ஆரம்பிச்சிடுச்சி, அந்தப் பெருமையில பேசிட்டன்."

சுகன்யா அன்றைக்குப் பாட்டிலைத் துண்டுக்கு வெளியே வைத்தாள். இரண்டு மூன்று நாளில், குழந்தை லேசாக முனகினால் மார்பில் ஊசி குத்துகிற மாதிரி ஏதோ இறங்குவது தெரிந்தது. பாட்டிலில் பால் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. பிறகு குழந்தையே வாய் வைத்து, நாலு வாய் சப்பிவிட்டுக் களைத்துத் தூங்கினான். எடை ஏறத் தொடங்கியது.

ஒருநாள் காலை சுகன்யாவின் இன்னும் ஆறாத தையலுக்குக் கட்டு மாற்ற வேண்டியிருந்தது. குழந்தையை மறுபடி பெட்டியில் வைத்தால் குளிர்ந்துவிடுவான், வீட்டு ஆள் யாராவது மார்பில் போட்டுக்கொள்ளலாம் என்றார் சிஸ்டர். அமிர்தத்துக்கு மழையில் நனைந்து சளி பிடித்திருந்தது. அவளை உள்ளே விடமாட்டார்கள். கலைவேந்தன் ஞாயிற்றுக்கிழமைதான் வருவான்.

"வேற யாரு இருக்கா?"

"எங்க மாமா இன்னும் கீழதான் இருக்காரு" என்றாள் சுகன்யா.

"அவரா?"

"அவருதான்."

மரியதாஸை அழைத்துவந்து கூடத்தின் கோடியில் தட்டி மறைத்த இடத்தில் நிறுத்தினார்கள். சட்டையைக் கழற்றச் சொன்னதும் அவர் கூசிப்போனார்.

"நான் வாணாம் சிஸ்டர். வேற யாரனா பாருங்க."

"வேற ஆளு இல்ல. முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவிட்டு வந்து குந்துங்க."

கழுவினார். சிஸ்டர் போதும் என்று சொல்லும்வரை கழுவினார். நரைத்த முடி படர்ந்த மார்பையும் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். சாய்ந்து உட்காரவைத்து, குழந்தையை மேலே படுக்கவைத்துத் துணியால் சுற்றிக் கட்டினார் சிஸ்டர். கட்டு மாற்ற சுகன்யா பக்கத்துத் திரைக்குள் போனாள். மரியதாஸ் இரண்டு கைகளையும் குழந்தையின் மேல் படாமல் தூக்கியே வைத்திருந்தார்.

"புடிங்க. ஒண்ணும் ஆவாது" என்றுவிட்டு சிஸ்டரும் போனார்.

ஒரு கையை மட்டும் மெதுவாக இறக்கி அந்த முதுகில் வைத்தார். கைக்கு அடியில் அது மூச்சு விட்டது. அவர் தன் மூச்சைச் சின்னதாக்கிக்கொண்டார். கொஞ்சநேரம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு குழந்தை தலையை அசைத்தான். மூக்கை அவர் தோலில் தேய்த்தான். வாய் திறந்தது. இந்தப் பக்கம் தேடினான், அந்தப் பக்கம் தேடினான், கழுத்தை எக்கி, சுருங்கிப்போன அந்தக் கிழட்டு மார்பில் வாயை வைத்துச் சப்பத் தொடங்கினான்.

எத்தனையோ கன்றுகள் அவர் விரலைச் சூப்பியிருக்கின்றன. மாட்டிடமிருந்து இழுக்க அவரே விரலைக் கொடுத்து ஏமாற்றியிருக்கிறார். இவனை ஏமாற்ற முடியவில்லை, விலக்கவும் முடியவில்லை. காது மடல் வரைக்கும் சுட்டது. தட்டிக்கு அப்பால் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பாப்பா" என்று கூப்பிட்டார். பெண்கள் பேச்சில் அது கேட்கவில்லை. அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒருமுறையும் சொல்லாத பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"சுகன்யா. புள்ள பாலு கேக்குதும்மா."

"தோ வந்துட்டன் மாமா" என்று திரைக்குள்ளிருந்து பதில் வந்தது.

தன்னிடம் ஒன்றும் இல்லை என்று அவன் கண்டுபிடிப்பதற்குள் அவள் வந்துவிட வேண்டும் என்று மரியதாஸ் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.